கமலாட்சியம்மாள் பியர்க்கடையின் பின்கட்டுச் சாமி

தள்ளாடாத தமிழும் தளராத மீசையும் கொண்டு தலைமை தாங்கும், பர்மிய மரியாதையில் நாம் 'ஊ' போட்டு அழைக்கும் ஊ தனசேகரன் அவர்களே, அலோன் துறைமுகத்திலிருந்து அரைநாள் வேலையை விட்டுவந்த அண்ணன்மார்களே, நம் தாமுவே வட்டாரத்துப் பெரியோர்களே, கரண்டு போயும் கலையாமல் விசிறியோடு வீற்றிருக்கும் தாய்மார்களே! கொத்தனார் கருப்பையாவின் கனிந்த வணக்கம்.

ஆண்டு விழா என்றால் அறம் பேசுவார்கள், அன்பு பேசுவார்கள். நான் பேச வந்ததோ லான்மடாப் பேட்டையில் நிற்கும் ஒரு பியர்க்கடையைப் பற்றி! யாரது சிரிப்பது? மூன்றாம் வரிசையில் என் மனைவி புஷ்பா. சத்தியமாகச் சொல்கிறேன், அங்கே நான் சுவரைப் பார்க்கத்தான் போனேன். முப்பது வருடமாகவா என்று கேட்கிறாள். பெரிய சுவர், தாயே!

அது சுவரா? சரித்திரம்! வெள்ளையைச் சுரண்டினால் பச்சை. பச்சையைச் சுரண்டினால் நீலம். அதற்கும் அடியில் துரைமார் காலத்து மஞ்சள். வடக்கு மூலையில் மட்டும் செங்கல் சிறுத்திருக்கும். சண்டைக் காலத்தில் குண்டு விழுந்து திரும்பக் கட்டியது. உள்ளே நிற்கிறதே, கப்பலில் வந்த இரும்புத் தூண், அதைத் தூக்கியவன் யார்? துரையா தூக்கினான்? நம் பாட்டன் தூக்கினான்! சுண்ணாம்பை மிதித்துக் குழைத்தவன் யார்? நம் பூட்டன்! கட்டி முடித்ததும் துரைமார் நம்மை உள்ளே குடிக்க விட்டார்களா? வாசலோடு நிறுத்திவிட்டார்கள், ஐயா!

அந்தக் கட்டடத்தை இடித்து எட்டு மாடி எழுப்ப, நாளைக் காலை பத்திரத்தோடு வருகிறார் ஒரு கான்ட்ராக்டர். கையெழுத்துப் போட வேண்டியவர், இதோ முன்வரிசையில் முகம் வாடி அமர்ந்திருக்கும் கடையின் சொந்தக்காரர் கமலாட்சியம்மாள்.

இத்தனை நாள் எப்படித் தப்பியது? தொண்ணூற்றேழில் குழாய் பதிக்கப் பின்கட்டில் தோண்டினோம். முதலில் பழைய பாட்டில்கள். அதற்கும் கீழே வட்டமான ஒரு கருங்கல். சுற்றிலும் வாய்க்கால், வடக்கே நீர் வழிய ஒரு மூக்கு. என்னோடு வேலை செய்த மாரிச்சாமி, "ஐயய்யோ அண்ணே, ஆவுடையாருண்ணே! சிவன் பீடம்!" என்று மண்ணிலே விழுந்து கும்பிட்டான். பக்கத்து அத்தர் கடை அப்துல் சமது எட்டிப் பார்த்தார். "அவசரப்படாதீங்க தம்பி, அவுலியா, பெரிய மகான் யாராச்சும் அடங்கின எடமாவும் இருக்கும்ல" என்று பச்சைத் துணி போர்த்தினார். எதிர்வீட்டு ஊ தெய்ன் மவுங் தம் காவல் தேவதைக்கென்று தேங்காயும் வாழைப்பழமும் வைத்தார்.

அன்று முதல் குடிக்க வந்தவன் வாசலில் செருப்பைக் கழற்றினான்! கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டான்! சண்டை மூண்டால், "டேய், சாமி கேக்கும்டா" என்று அடங்கினான். ஆறு வருடம்! இடிக்க வந்த கான்ட்ராக்டரெல்லாம் கும்பிட்டுவிட்டு ஓடினார்கள்.

போன மாதம் தொல்பொருள் படித்த பர்மியப் பெரியவர் ஒருவர் வந்தார். குனிந்தார், தடவினார், குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "கொத்தனாரே, இது துரைமார் காலத்துல பியர்ப் பீப்பாய் வைச்ச கல்லு. வாய்க்கால் எதுக்கு? சிந்துன பியர் ஓட!"

ஐயா, ஆறு வருடமாக நான் போட்ட கும்பிடெல்லாம் ஒரு பீப்பாய்க்கா! செய்தி கான்ட்ராக்டர் காதுக்கும் போய்விட்டது.

கேட்கிறேன்: சாமி இல்லை என்றதும் கட்டடத்துக்கு நாதி இல்லையா? பீப்பாய்க்கல்லுக்குச் செருப்பைக் கழற்றிய நாம், பாட்டன் கைபட்ட சுவருக்காக வாயைத் திறக்க மாட்டோமா? அன்று துரை நம்மை வாசலில் நிறுத்தினான். இன்று வாசலே இல்லாமல் போவதா? கமலாட்சியம்மா, கையெழுத்துப் போடாதீர்கள்! கை தட்டுங்கள், கான்ட்ராக்டர் வீடுவரை கேட்கட்டும்!

அம்மா எழுந்துவிட்டார்கள். என்ன சொல்கிறீர்கள்?

"எனக்கு மட்டும் ஆசையா, கருப்பையாண்ணே? மழை பெஞ்சா பதினேழு எடத்துல ஒழுகுது. கை தட்டுறவங்கள்ல யாரு வந்து ஓடு மாத்துவா?"

கைதட்டல் நின்றுவிட்டது. எல்லோரும் என்னையே பார்க்கிறீர்கள். தலைவர்கூடப் பார்க்கிறார். அறுபத்தெட்டு வயதில் ஏணி ஏறுவதா?

ஏறுகிறேன், அம்மா! கூலி வேண்டாம், ஓடுகளை நானே மாற்றுகிறேன். பத்திரத்தைத் திருப்பி அனுப்புவீர்களா? தலையாட்டிவிட்டார்கள்!

தலைவர் அவர்களே, இன்னும் இருபது நிமிடம் பேச இருந்தேன். வெளியே மேகம் கறுக்கிறது. ஏணி பிடிக்க வருகிறவர்கள் இப்போதே என்னோடு வாருங்கள். மற்றவர்களுக்கு என் நன்றி, வணக்கம்!