சோறு போட்ட கை

தலைமைப் பீடத்தை அணிசெய்யும் தலைவர் அவர்களே! இந்தத் தர்ம வைத்தியசாலைக்கு நிலம் ஈந்த நல்லோர்களே! நரைத்த தலையோடு நடந்து வந்த பெரியோர்களே! நடவைப் பாதியில் விட்டு வந்த தாய்மார்களே! எழுத்தறியாத இந்தக் கிழவனின் கூப்பிய கையை ஏற்றருள்க.

காவிரி கரை கடந்து, தென்னைகள் மிதந்து, பாலங்கள் பெயர்ந்தனவே, அந்த ரத்தாட்சி வருஷத்து ஆடி மாதம். மேட்டூரில் அணை என்ற பேச்சு இருந்தது, அணை இல்லை. அந்த வெள்ளத்தில் என் மனைவி பெருமாயியின் கண்ணெதிரே அவளைப் பெற்றவள் கூரையோடு போனாள். மகள் கை நீட்டினாள். எட்டவில்லை.

அன்று முதல் ஆற்றின் இரைச்சல் கேட்டால் பெருமாயிக்கு வயிறு முறுக்கும், தண்ணீராய்ப் போகும். உண்டது ஒட்டவில்லை, உடம்பு தேறவில்லை. ஒருவர் மட்டும் பக்கத்தில் உட்கார்ந்து, ஊர்க்கதை பேசி, களியை மோரில் கரைத்து ஊட்டினால் தங்கும். யார் அவர்? என் அண்ணன் செங்கோட்டையன் மனைவி, என் நங்கை அங்காளம்மாள்.

நாங்கள் நன்றி அல்லவா நினைத்திருக்க வேண்டும்? என்ன நினைத்தோம்? சோற்றில் மருந்து வைத்துவிட்டார் என்று நினைத்தோம்! அவர் கைச்சோற்றுக்குத்தான் வயிறு அடங்குகிறது. ஆகவே அது வசிய மருந்து என்று முடிவு கட்டினேன் நான்.

மருந்தெடுக்கிறவனை அழைத்தேன். தொப்புள்மேல் குழலை வைத்து உறிஞ்சினான். மயிர் சுருண்ட கறுப்பு உருண்டையை இலையில் துப்பினான். "குடலோட ஒட்டிக் கெடந்துதுங்க சாமி" என்றான்.

என்ன சின்னுசாமி? உரக்கக் கேளப்பா! "தோலு கிழியாம அது எப்படிங்க பெரியப்பா வெளிய வந்துது?" என்கிறாயா? சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள்! அன்று இதை ஒருவன் கேட்டிருக்கக் கூடாதா? அந்த உருண்டை அவன் கன்னத்தில் அடக்கி வைத்தது ஐயா, அவன் கன்னத்தில்!

கற்பூரத்தை ஏற்றி, மருந்து வைக்கவில்லை என்று அடித்து அணைத்துச் சத்தியம் செய்ய நங்கையிடம் சொன்னேன். நங்கை என்னை நிமிர்ந்து பார்த்தார். "சோறு போட்ட கையிங்க இது, கொழுந்தனாரே. இதுக்கு மேல கற்பூரம் எதுக்குங்க?" என்றார். மறுத்ததையே குற்றம் என்றேன். அண்ணன் தடுக்கவில்லை. ஒற்றைத் துணிமூட்டையோடு நங்கை பரிசலேறி, அக்கரையில் பிறந்த வீட்டுக்குப் போனார்.

மருந்து போனதே, வயிறு தேறியதா? தேறவில்லை! பெருமாயி எலும்பாகிவிட்டாள்.

மறு வருஷம் மேட்டூரில் அணை வேலை தொடங்கியது. கூலியாட்களுக்குப் போட்ட ஆஸ்பத்திரிக் கொட்டகைக்கு வண்டி கட்டினேன். அங்கிருந்த டாக்டர் சொன்னதில் ஒரு சொல்கூட மறக்கவில்லை: "இதோ பாரும், குடலுக்குள் மெல்லிய உள்தோல் உண்டு. அதையொட்டிக் குடலுக்கென்றே ஒரு நரம்பு வலையும் உண்டு. தன்மேல் பட்டதை உள்தோல் நரம்புக்குச் சொல்லும். நீர் விடு, நிறுத்து என்று நரம்பு உள்தோலுக்குச் சொல்லும். மனசு நடுங்கினால் அந்த வலையும் நடுங்கும், உள்தோல் கசியும். இந்தம்மாள் யார் பக்கத்தில் இருந்தால் சாப்பிடுவார்?"

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். நங்கையை அக்காள் என்றே அழைக்கும் பெருமாயிதான் சொன்னாள்: "எங்க அக்காளுங்க."

"அவரைக் கூட்டி வாரும்" என்றார் டாக்டர்.

வண்டித்தடம் அக்கரையில், செப்பனிட்ட பாலத்தைச் சுற்றித்தான்; திரும்பும் பாதை நங்கையின் வாசல் வழியாகத்தான். "அக்கா ஊடு வருதுங்க, வண்டிய நிறுத்துங்க" என்றாள் பெருமாயி. நிறுத்தினேனா? நிறுத்தியிருந்தால் என் தவறு ஊருக்குத் தெரியுமே! மாட்டை அடித்தேன் ஐயா, மாட்டை அடித்தேன்! நாற்பது நாள்கூட ஆகவில்லை, அவள் போய்விட்டாள்.

தாய்மார்களே! நாளை உங்கள் வீட்டில் ஒரு வயிறு முறுக்கினால், ஊட்டிய கையைச் சந்தேகிக்காதீர்கள்! எதைக் கண்டு அந்த வயிறு அஞ்சுகிறது என்று கேளுங்கள்! கேட்டுவிட்டு இந்த வாசலுக்கு அழைத்து வாருங்கள்! யார் கை பட்டால் அது அடங்குமோ, அவரையும் கூட அழைத்து வாருங்கள்!

இவ்வளவு நேரம் காது கொடுத்தீர்கள், கோடி நன்றி. மேடையை விட்டு இறங்கியதும் பரிசல் துறைக்குப் போகிறேன். இருபத்திரண்டு வருஷம் தாமதம். பெருமாயி இல்லை. அண்ணன் இல்லை. குழல் வைத்தவனும் இல்லை. மன்னிப்புக் கேட்க மிச்சமிருப்பவர் ஒருவர்தான். உங்கள் அனைவரின் முன்னிலையில் அவருக்கும் என் வணக்கம்: அக்கரை அங்காளம்மாள்.