வால்ட்ஸில் நடந்த சப்பரம்

வியர்வையை விசிறியால் விரட்டியபடி வீற்றிருக்கும் விழாத் தலைவர் அவர்களே! பாதி உறக்கத்திலும் பாந்தமாய்ப் புன்னகைக்கும் பாதிரியார் அவர்களே! காதை இங்கே கொடுத்துவிட்டு, மூக்கைப் பன்றி வறுபடும் பக்கம் அனுப்பிவிட்ட பெரியோர்களே! பிள்ளையை இடுப்பிலும் பிரியத்தை நெஞ்சிலும் சுமக்கும் தாய்மார்களே! பெரிய மேளம் அடிக்கும் நேனாவின் பெரிய வணக்கம்!

தாளக் கணக்கைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். மூன்றாம் வகுப்பிலேயே பள்ளியைப் பிழைத்துப் போகட்டும் என்று விட்டவளிடமா கணக்கு? என்ன, பின்வரிசையில் சிரிப்பு? சிரியுங்கள், தாளம் தப்பாமல் சிரியுங்கள்!

இசைத்தாளின் வாசலில் ஒருவர் தோள்மேல் ஒருவராய் இரண்டு எண்கள் நிற்கும். மேலே இருப்பவர், இந்த வீட்டில் எத்தனை தட்டு என்கிறார். கீழே இருப்பவர், ஒவ்வொரு தட்டும் எவ்வளவு நீளம் என்கிறார். அவ்வளவுதான் சங்கதி! கீழே நாலு இருக்கட்டும். மேலேயும் நாலு என்றால், ஜன்னலுக்கு அடியில் காதலன் உருகும் பாட்டு. மேலே இரண்டு என்றால் அணிவகுப்பு. மேலே மூன்று என்றால் வால்ட்ஸ். மாமியாரும் மருமகளும் சண்டையை மறந்து சுற்றும் ஆட்டம்!

சென்ற ஆண்டுத் திருவிழாவை மறந்தீர்களா? நம் மீனவர் திபூர்சியோ, மனைவி லூர்தெஸ் பிரசவத்தில் பிழைத்தால் நம் ஊர்ப் புனிதர் சான் ரோக்கின் சப்பரத்தை ஆண்டுதோறும் சுமப்பதாக நேர்ந்துகொண்டார். லூர்தெஸ் பிழைத்தாள், இரட்டைப் பிள்ளைகளோடு! அதோ அழுகின்றன, ஆளுக்கொரு தாளத்தில்.

ஆனால் திபூர்சியோவுக்கு இடது கால் குட்டை. அணிவகுப்பிலோ பலத்த தட்டு எப்போதும் இடது காலில்தான் விழும். விழுந்தபோதெல்லாம் அவர் மூலை தாழ்ந்தது, சுரூபம் சரிந்தது. சுமப்போர் தலைவர் மௌரோ, அண்ணன் முறைக்குக் 'குயா' என்றழைத்தே கத்தினார்:

"குயா, தோள எடுங்க! சாமிய ஆத்துல குளிப்பாட்டப் போறீங்களா?"

"நேர்ச்ச தம்பி! பாதியில எப்பிடி விடுறது?"

"நேர்ச்ச ஒங்களுது, சரி. இடுப்பு எங்களுதுல்ல?"

திபூர்சியோவின் முகம் தொங்கிப் போனது. என் மேளம் பொறுக்குமா?

"மாஸ்ட்ரோ, கல்யாணப் பாட்ட எடுங்க!" என்றேன் பேண்டு வாத்தியாரிடம்.

"ஊர்வலத்துல வால்ட்ஸா? கிறுக்கு புடிச்சிருச்சா நேனா?"

"சாமியும் எத்தன வருசம்தான் பட்டாளத்தாட்டம் நடப்பாரு?"

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. டும்-சக்-சக்! பெரிய மேளம் போகும் வழியில்தானே ஊதுகுழல்கள் ஓட வேண்டும்? மூன்றில் வந்தது தாளம். பலத்த தட்டு ஒருமுறை இடது காலில், மறுமுறை வலது காலில்! சுமந்தவர் அத்தனை பேரும் இடமும் வலமுமாய் அசைந்தார்கள். எல்லோரும் சாய்கையில், சாய்கிறவர் யாரென்று யார் கண்டார்? மௌரோவே மூச்சிரைக்கக் கேட்டார்: "குயா, இப்ப நொண்டுறது நீங்களா, நானா?"

கோயில் வாசல்வரை சுமந்து சேர்த்தார் திபூர்சியோ!

இந்த ஆண்டு அணிவகுப்பே போதும் என்று விழாக் குழுவில் சிலர் முணுமுணுக்கிறார்கள். அவர்களைக் கேட்கிறேன்: தொடைப் புண்ணைத் திறந்து காட்டி நிற்கிறாரே சான் ரோக், அவரா கேட்டார் குறையில்லாத காலை? தாளம் எதற்காக? தாளில் தூங்கவா? தலைவர் தலையாட்டவா? நடக்கும் காலுக்காக அல்லவா? பொருந்தவில்லையா, தாளத்தை மாற்றுங்கள்! காலைத் துரத்தாதீர்கள்!

சொல்லுங்கள் ஊராரே, இரண்டா, மூன்றா?

மூன்றா? இன்னும் பலமாக! பாதிரியாரே விழித்துவிட்டார்!

தலைவரே, கேட்டதல்லவா? தலையசைத்துவிட்டார்! குயா திபூர்சியோ, துண்டை மடித்துத் தோளில் போடுங்கள். இடது மூலை உங்களுக்குத்தான்.

பொறுத்திருந்த செவிகளுக்கும், இனி அசையப்போகும் இடுப்புகளுக்கும் நன்றி கூறி, எல்லோரையும் வணங்கி, மேளத்தை மாட்டப் போகிறேன்!