எதுவும் இல்லாத தண்ணீர்

இரவு பதினொன்றரை மணி இருக்கும். நீர்த்தேக்கத்தின் கரையை ஒட்டி ஒரு சாலை... ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் முள்புதர். விளக்குக் கம்பம் ஒன்றுகூடக் கிடையாது. சாலை போய் முடிகிற இடம் நீரேற்று நிலையம். அங்கே வேலை இல்லாதவன் அந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்க மாட்டான்.

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். இது சத்தம் போட்டுச் சொல்கிற கதை இல்லை.

என் நண்பன் ஒருவனுடைய சித்தப்பாவுக்கு நடந்தது. ஊரே குடிக்கும் தண்ணீரைச் சோதித்துப் பார்க்கும் ஆய்வகம் அவருடைய பொறுப்பில் இருந்தது. ஆபீசில் அவருக்கு 'ஆதாரம்' என்று பெயர். இன்றைக்கு வெயில் கொளுத்துகிறது என்று யாராவது சொன்னால், "எத்தனை டிகிரி?" என்பார். அவன் தங்கமான பையன் என்றால், "எவ்வளவு நாளா பழக்கம்?" என்பார். முகத்துக்கு நேரே சார், முதுகுக்குப் பின்னால் ஆதாரம். அவர் காதிலும் விழுந்திருக்கிறது. உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான்.

அவருடைய மனைவி, அதாவது என் நண்பனின் சித்தி, குழந்தைகள் வார்டில் நர்ஸ். எந்தக் குழந்தைக்கும் ஊசி போடுவதற்கு முன் ஒரு நொடி கண்ணை மூடிக்கொள்வாள். உதடு அசையும். சித்தப்பாவுக்கு அதைப் பார்த்தாலே சிரிப்பு வரும். "மருந்து வேலை செய்யுதா, நீ முணுமுணுக்கிறது வேலை செய்யுதா? பாதி பேருக்கு முணுமுணுக்காம போட்டுப் பாரேன், தெரிஞ்சுடும்" என்பார்.

அவளும் லேசுப்பட்டவள் இல்லை. "நீங்க தண்ணியில கிருமி தேடறீங்களே, அது கண்ணுக்கா தெரியுது? லென்ஸ் வெச்சாத்தானே தெரியுது? எனக்கும் ஒரு லென்ஸ் இருக்குன்னு வெச்சுக்கோங்க."

"என் லென்ஸ்ல நீ பார்த்தாலும் தெரியும், பக்கத்து வீட்டுக்காரர் பார்த்தாலும் தெரியும். உன் லென்ஸை எங்கிட்ட குடு, பார்க்கிறேன்."

இப்படியே போய்க்கொண்டிருந்தது. சண்டை இல்லை, விளையாட்டுதான். அவர்களுடைய மகள் சாகும்வரை.

பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதற்குக்கூட வயது வரவில்லை அவளுக்கு. காய்ச்சல் வந்தது, போனது, மறுபடி வந்தது. அம்மா வேலை பார்த்த அதே வார்டில், அம்மா பிடித்துக்கொண்டிருந்த கையோடு போய்விட்டாள். வயிற்றுக்குள் போன கிருமி. அது எந்தத் தண்ணீரில் இருந்தது என்று சித்தப்பா கடைசிவரை கண்டுபிடிக்கவில்லை.

அதற்குப் பிறகு விளையாட்டு போய்விட்டது. சித்தி ஒன்றே ஒன்றைப் பிடித்துக்கொண்டாள். "அவ பத்திரமா இருக்கா. அங்க பார்த்துக்க ஒருத்தர் இருக்கார்." காலையில் எழுந்ததும் சொல்வாள். யாராவது துக்கம் கேட்டு வந்தால் அவள்தான் அவர்களுக்கு ஆறுதல் சொல்லி அனுப்புவாள். சித்தப்பாவால் பொறுக்க முடியவில்லை. ஒருநாள் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டுக் கத்தினார். "கொன்னது கிருமி! அப்ப எங்க இருந்தார் உன் ஆளு?"

"கிருமிதான் கொன்னுச்சு. இல்லைன்னு சொன்னேனா? அதுக்கப்புறம் அவ எங்க போனா? அதை உங்க லென்ஸ் சொல்லுமா?"

"எங்கயும் போகல. அணைஞ்சு போச்சு. விளக்கு அணைஞ்சா வெளிச்சம் எங்க போகுது?"

அவள் எழுந்தாள். தட்டை எடுத்துக் கழுவப் போய்விட்டாள். குழாய் வெகுநேரம் ஓடிக்கொண்டிருந்தது.

வருடங்கள் போயின. சித்திக்கு மார்பில் கட்டி. கடைசி வாரத்தில் எலும்பும் தோலுமாகக் கிடந்தாள், ஆனால் முகத்தில் பயமே இல்லை. ஊருக்குக் கிளம்புகிறவள் மாதிரி இருந்தாள். "பாப்பாவைப் பார்க்கப் போறேங்க" என்றாள். அந்த அமைதிதான் சித்தப்பாவை என்னவோ செய்தது. பொறாமை என்றுகூடச் சொல்லலாம். சாகப்போகிறவளிடம் சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டார்.

"போய்ப் பார்த்துட்டு வந்து சொல்லு. அப்ப நம்பறேன்."

சித்தி சிரித்தாள். "சரி" என்றாள்.

அவ்வளவுதான்... அன்று இரவு விடிவதற்குள் முடிந்துவிட்டது.

இப்போது அந்தச் சாலைக்கு வருவோம். சித்தி போய்ச் சில மாதங்கள் ஆகியிருந்தன. நீரேற்று நிலையத்தில் உடைந்த குழாயைச் சரிசெய்த பிறகு, தண்ணீர் சாம்பிள் எடுத்துப் பார்த்துவிட்டு சித்தப்பா தனியாகக் காரில் திரும்பிக்கொண்டிருந்தார். ஜன்னல் திறந்திருந்தது. தவளைச் சத்தம்... எஞ்சின் சத்தம்... திடீரென்று தவளைச் சத்தம் மட்டும் நின்றது.

அப்புறம் ஒரு வாசனை. ஆஸ்பத்திரியில் தரை துடைத்ததும் வருமே, அந்த வாசனை.

முன்னால் சாலையில் யாரும் இல்லை. கண்ணாடியில் பார்த்தார். பின்சீட்டில் சித்தி உட்கார்ந்திருந்தாள். நர்ஸ் உடுப்பு. தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது... சொட்... சொட்... சீட்டின் ரெக்சின் மேல்.

சித்தப்பா பிரேக் போடவில்லை. கால் அசைந்தால்தானே? வண்டி பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"பார்த்துட்டு வந்துட்டேங்க" என்றாள்.

அவர் கண் கண்ணாடியை விட்டு நகரவில்லை.

"நீங்க சொன்னதுதான் சரி. அங்க யாருமில்ல."

குரலில் கோபம் இல்லை, அழுகை இல்லை. நர்ஸ், அடுத்த ஷிப்ட்டுக்கு வந்தவளிடம் வார்டு நிலவரம் சொல்லும் குரல்.

"பாப்பா?" என்று எப்படியோ கேட்டுவிட்டார்.

"அவளை யாரும் பார்த்துக்கலீங்க." தலையைச் சாய்த்துக் காதுகொடுத்தாள். "அழற சத்தம் கேக்குது. எந்தப் பக்கம்னுதான் தெரியல. அங்க பக்கம்னு ஒண்ணு இல்ல. நானும் கூப்பிட்டுக்கிட்டே போறேன்... போறேன்..."

வாழ்நாள் முழுக்க வாதாடிய விஷயத்தில் அந்த மனுஷர் அன்றைக்கு ஜெயித்தார். சாட்சி தானாகத் தேடிவந்து, நீங்கள் சொன்னதுதான் சரி என்கிறது. அவர் என்ன செய்தார் தெரியுமா? அழுதுகொண்டே வாதத்தை மாற்றினார்.

"இல்லம்மா. இருப்பார். நீ சரியாத் தேடியிருக்க மாட்ட. பெரிய இடம் இல்லையா? ஒரு மூலையில இருப்பார். பாப்பாவை மடியில வெச்சிருப்பார். நீதானே சொல்லுவ?"

பின்னாலிருந்து மெதுவாக ஒரு கேள்வி வந்தது.

"ஆதாரம் இருக்குங்களா?"

கிண்டலாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பார். அவள் கிண்டலாகக் கேட்கவில்லை. இருந்தால் கொடுங்களேன் என்று கையேந்துகிற மாதிரி கேட்டாள்.

அவரிடம் ஒன்றும் இல்லை. ஊர் விளக்கு கண்ணில் பட்டபோது பின்சீட்டில் அவளும் இல்லை. ரெக்சினில் ஒரு குழிவு, அதில் தேங்கிய தண்ணீர்.

நீங்களும் நானும் என்றால் வண்டியை அங்கேயே விட்டுவிட்டு ஓடியிருப்போம். அவர் ஆதாரம் அல்லவா? சிரிஞ்சு எடுத்து அந்தத் தண்ணீரை உறிஞ்சி, சாம்பிள் பாட்டிலில் விட்டார். காலையில் யாரும் வருவதற்கு முன்பே ஆய்வகத்தில் போய் உட்கார்ந்துவிட்டார்.

உப்பு இல்லை. இரும்பு இல்லை. சுண்ணாம்பு இல்லை. கிருமி இல்லை. பல வருடத்துத் தூசி படிந்த சீட்டிலிருந்து எடுத்த தண்ணீர், அதில் ஒரு பொட்டுத் தூசி இல்லை. பாட்டிலைத் திறந்தே வைத்தார். எப்பேர்ப்பட்ட சுத்தமான தண்ணீரும் திறந்து வைத்தால் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றைக் கரைத்துக்கொள்ளும். இது கரைத்துக்கொள்ளவில்லை. மதியம்வரை பார்த்தார். எதுவும் அதற்குள் போகவே இல்லை. பூமியில் அப்படி ஒரு தண்ணீர் கிடையாது.

அவருக்குக் கீழே வேலை பார்த்த பெண் எட்டிப் பார்த்தாள். "மெஷின் கெட்டுப்போச்சு போல சார்."

குழாய்த் தண்ணீரைப் பிடித்து வைத்துப் பார்த்தார். மெஷின் எப்போதும்போல எல்லாம் காட்டியது. பாட்டில் தண்ணீருக்கு மறுபடியும் ஒன்றுமில்லை.

யோசித்துப் பாருங்கள். செத்ததற்கு அப்பால் ஏதோ இருக்கிறது என்பதற்கு, யார் வேண்டுமானாலும் சோதித்துப் பார்க்கக்கூடிய ஆதாரம் அவர் கையில் இருக்கிறது. உலகத்தில் எவனுக்கும் கிடைக்காதது. ஆனால் தண்ணீர் உண்மை என்றால் அதைக் கொண்டுவந்தவள் உண்மை. அவள் உண்மை என்றால் அவள் சொன்னதும் உண்மை. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ள முடியாது. அப்படித் தள்ளுகிறவர்களை ஆயுசு பூராவும் கேலி செய்தவர் அவர்.

எழுந்துபோய்ப் பாட்டிலைத் தொட்டியில் கவிழ்த்தார். குழாயைத் திறந்துவிட்டார்.

"ஏன் சார் கொட்டிட்டீங்க?"

"தப்பான சாம்பிள்மா."

அன்று சாயங்காலமே கும்பிடப் போனார். கடைசி வரிசை. அப்புறம் தினமும். ஆபீசில் ஒரே சிரிப்பு. பெண்டாட்டி போனதும் ஆதாரத்துக்கு ஞானம் வந்துவிட்டது என்றார்கள். அங்கே கும்பிட வருகிறவர்களோ கட்டிப்பிடித்து வரவேற்றார்கள், கடைசியில் உங்களுக்கும் நம்பிக்கை வந்துவிட்டதே என்று. நம்பிக்கையாவது! கடவுள் இல்லை என்பதற்குச் சாட்சி கிடைத்த கையோடு கும்பிட ஆரம்பித்த மனுஷன் உலகத்திலேயே அவர் ஒருவராகத்தான் இருப்பார். கண்ணை மூடியதும் அவருக்குக் கேட்டதெல்லாம், பக்கம் என்று ஒன்று இல்லாத இடத்தில் ஒரு குழந்தை அழுகிற சத்தம்.

என் நண்பனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்கிறீர்களா? மனுஷர் இளைத்துப்போகிறார், ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வா என்று வீட்டில் அனுப்பினார்கள். அன்றைக்கும் நீரேற்று நிலையத்தில் வேலை. இவனும் துணைக்குப் போனான். திரும்பி வரும்போதுதான், அந்தச் சாலையில், வண்டி ஓட்டிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னார். காருக்குள் பின்னால் பார்க்கிற கண்ணாடி கூரையைப் பார்த்துத் திருப்பப்பட்டிருந்தது. அதை இவன் அப்போதுதான் கவனித்தான்.

சொல்லி முடித்தபோது தவளைகள் நின்றன.

டொக்... டொக்...

பின்கதவில். வெளியிலிருந்து. கண்ணாடியில் இல்லை, அதற்கும் கீழே, தகரத்தில். வண்டி நல்ல வேகத்தில் போய்க்கொண்டிருக்கிறது. சத்தமும் கூடவே வருகிறது.

"சித்தப்பா... யாரோ தட்டறாங்க."

"காத்துடா. கதவு ரப்பர் தளர்ந்து போச்சு. மாத்தணும்."

காற்றா! பக்கத்தில் தண்ணீர் கண்ணாடிபோல் அசையாமல் கிடந்தது. டொக்... டொக்... அவசரமே இல்லாத தட்டல். எட்டாத உயரத்துக்கு எம்பி எம்பித் தட்டுகிற மாதிரி.

"நிறுத்துங்க சித்தப்பா. பார்த்துடலாம்."

"கூடாது." அவர் கால் ஆக்சிலேட்டரை இன்னும் அழுத்தியது. கன்னம் நனைந்திருந்தது. "அவ பத்திரமா இருக்கா. அங்க பார்த்துக்க ஒருத்தர் இருக்கார். நீ திரும்பாதே. பார்த்துட்டா அது ஆதாரம் ஆயிடும்."

தட்டல் நின்றது.

அப்பாடா என்று இவன் மூச்சு விட்டான். சித்தப்பா விடவில்லை. வாய்விட்டுக் கடவுளைக் கூப்பிட ஆரம்பித்தார். சத்தமாக. இன்னும் சத்தமாக. இவன் பின்னால் திரும்பவில்லை. ஆனால் பக்கத்தில் பார்த்தான்...

சித்தப்பா உட்கார்ந்திருந்த சீட்டின் முதுகு, பின்னாலிருந்து லேசாக உந்தி உந்தித் தளர்ந்தது. முதலில் இடது பக்கம், அப்புறம் வலது பக்கம். தரைக்கு எட்டாத கால்கள் அப்படித்தான் உதைக்கும்.