‘வாரேன்’ என்பதற்கு இங்கிலீஷ்

நீதிபதியாக உட்காரும் நாட்களில் நான் மத்தியானம் மோர் சேர்த்துக்கொள்வதில்லை. தொண்டை கட்டிக்கொள்ளும், கட்டிய தொண்டையோடு யாரையும் அதட்ட முடியாது. நிஜ நீதிபதி இல்லை, சரியாக எழுதிக்கொள்ளுங்கள். அருப்புக்கோட்டையில் முப்பது வருஷமாக வக்கீல். என் ஜூனியர் புகார் கொடுத்து, நீங்களும் பார் கவுன்சிலிலிருந்து இவ்வளவு தூரம் விசாரிக்க வந்திருக்கிறீர்கள். இந்தச் சவரியப்பன் எதையோ மறைத்தான் என்று பேச்சு வரக் கூடாது.

தொண்ணூற்றிரண்டில் அந்த ஜூனியர், ஜெப ஷீலா, டெல்லி உச்ச நீதிமன்றத்தில் வாதாட வேண்டியிருந்தது. கட்சிக்காரர் பரளச்சி பால்சாமி. கொலைக் கேஸ், ஆயுள் தண்டனை. அப்பீல் முடியும்வரை ஜாமீன். ஆடு மேய்ந்த தகராறைப் பேசித் தீர்க்க ஊர்க்காரர் முனீஸ்வரன் வீட்டுக்குப் போனார், காப்பி குடித்தார், திரும்பினார். மறுநாள் காலையில் முனீஸ்வரன் வெட்டுப்பட்டுக் கிடந்தார். பால்சாமி வீட்டு அரிவாளை வைத்துத் தண்டனை கொடுத்திருந்தார்கள். அந்த அரிவாள் டெல்லியில் நிற்காது என்று ஷீலா கண்டுபிடித்திருந்தாள். கெட்டிக்காரி. நான் வளர்த்த பிள்ளை.

டெல்லியில் தடுமாறக் கூடாதே என்று மூன்று சனிக்கிழமை என் ஆபீஸில் ஒத்திகை வைத்தேன். மேஜைக்குப் பின்னால் நான் நீதிபதி. அவள் கறுப்புக் கவுனோடு நின்று ‘மை லார்ட்’ என்பாள். வாயைத் திறந்தால் குறுக்கே விழுவேன். பால்சாமியும் அவர் சம்சாரம் ஆவுடைத்தாயும் பரளச்சியிலிருந்து பஸ் ஏறி வந்து சுவரோரம் உட்கார்ந்து பார்ப்பார்கள். முதல் சனிக்கிழமையே அந்தம்மாவுக்குக் கலக்கம்.

“நம்ம வக்கீலுன்னுதான சொன்னீக? இவுக எதிர்க்கட்சியாட்டம்ல கேக்காக” என்று புருஷன் காதில் சொன்னது எனக்கே கேட்டது. நான் வாய்விட்டுச் சிரித்தேன். இப்படிக் கேட்டால்தான் பிள்ளை தேறும் என்று விளக்கினேன். அந்தம்மா கையெடுத்துக் கும்பிட்டது.

மூன்றாவது சனிக்கிழமை ஷீலா ஒரு தாளை நீட்டினாள். முனீஸ்வரன் மனைவி பாண்டீஸ்வரியின் சாட்சியம். டெல்லிக்காக அதை இங்கிலீஷில் பெயர்த்தவன் நான். பக்கத்துக்குப் பக்கம் ‘சரியான மொழிபெயர்ப்பு’ என்று என் கையெழுத்து இருக்கும்.

“ஸார், அந்தம்மா சொன்னது ‘வாரேன்னு சொல்லிட்டுத்தான் போனாரு’. வெட்டணும்னு நெனச்சவன் அப்படிச் சொல்லிட்டா ஸார் போவான்? இங்கிலீஷுல ‘ஐ வில் கம் பேக்’னு இருக்கு. மிரட்டிட்டுப் போன மாதிரி இருக்கு, ஸார்.”

நம் பக்கம் வீட்டைவிட்டுக் கிளம்புகிறவன் ‘போறேன்’ என்று சொல்வானா? விளங்காது என்பார்கள். ‘வாரேன்’ என்றால் விடைபெறுகிறேன், அவ்வளவுதான். எனக்கு இது தெரியாமலா? பெயர்க்கும்போது வெறும் ‘ஐ கம்’ இலக்கணத்துக்கு நொண்டியாகப் பட்டது, வாக்கியத்தை முழுசாக்கினேன். அந்தத் தாளில் என் கையெழுத்தைத்தான் முதலில் பார்த்தேன். ஒரு திருத்த மனு போட்டால் போதும். பிழை செய்தவர் சவரியப்பன் என்று அதில் டைப் அடிக்க வேண்டும். டெல்லி வரைக்கும்.

நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். நீதிபதி குரலில் கேட்டேன்: “நீங்கள் தாக்கல் செய்த தாளை நீங்களே பொய் என்கிறீர்களா? மற்றப் பக்கங்களை மட்டும் எதற்கு நம்புவது?” அவள் திணறினாள். விடவில்லை. கால் மணி நேரம் அதே கேள்வியை ஏழு விதமாகக் கேட்டேன். கண் கலங்கி நின்றாள். அப்புறம் இறங்கி வந்து, தண்ணீர் கொடுத்து, ஸாராகச் சொன்னேன்: அரிவாளோடு நில். மொழிபெயர்ப்பைப் பற்றி அவர்களாகக் கேட்டால், அது சரிதான் என்று ஒரே மூச்சில் சொல்லிவிடு. அந்தப் பதிலை மட்டும் பத்துத் தடவை சொல்ல வைத்தேன்.

டெல்லியில் அரிவாளை ஒதுக்கிவிட்டார்களாம். பால்சாமி தப்பித்தார் என்றே ஷீலா நினைத்தாளாம். அப்போதுதான் அரசாங்க வக்கீல் அந்த வரியை வாசித்திருக்கிறார். நீதிபதி தன்மையான மனுஷர். “உங்கள் பாஷையில் இதற்கு வேறு அர்த்தம் ஏதாவது உண்டா, அம்மா?” என்று அவரே கேட்டிருக்கிறார்.

அப்பீல் தள்ளுபடி. மிரட்டல் என்று அந்த ஒரு வரியைக் காட்டித்தான் தீர்ப்பு. பால்சாமி மறுபடி உள்ளே போனார்; இரண்டாம் வருஷம் மஞ்சள்காமாலையில் ஜெயிலிலேயே இறந்தார். ஆவுடைத்தாய் உடம்பை வாங்கப் போனபோது வண்டி பிடித்துக் கொடுத்தது நான்தான்.

ஆமாம், தெரிந்தேதான் செய்தேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் ஷீலாவைக் குறை சொல்லாதீர்கள். வேறு அர்த்தம் உண்டா என்று நீதிபதி கேட்டபோது, “இல்லை, மை லார்ட்” என்று ஒரு நொடிகூடத் தயங்காமல் சொன்னாளாம். பயிற்சி கொடுத்தவனுக்கு இதைவிட வேறென்ன பெருமை வேண்டும்?