நான்காவது ரெசிஸ்டர்

என் சாலிடரிங் சுத்தமாக இருப்பதாக எழுதியிருந்தீர்கள், மகேஸ்வரி மேடம். நன்றி. தொழிற்சாலையில் தினமும் அதே வேலைதான், கை பழகிவிட்டது.

என் தம்பி உதயகுமார் "இனி எனக்கு எதுக்கு" என்று உங்களுக்கு அனுப்பிவைத்த, கையில் பிடித்து விளையாடும் அந்தப் பழைய கேம் பாய் பெட்டியைத் திரை மாற்றுவதற்காகத் திறந்திருக்கிறீர்கள். உள்ளே ஒரு சின்ன ஆம்ப்ளிஃபயர் போர்டு இருந்ததையும், அதில் சத்தத்தின் அளவை முடிவுசெய்யும் ஒரே ஒரு ரெசிஸ்டரின் இடம் மட்டும் நான்கு முறை சூடுபட்டிருந்ததையும் பார்த்திருக்கிறீர்கள். ஹெட்போனை மாட்டிய வேகத்தில் கழற்றிவிட்டதாகவும் எழுதியிருந்தீர்கள். போர்டை வைத்தது நான்தான். அவன் கேட்டான், வைத்தேன். ஏன் என்று கேட்டதால் வீட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

எங்கள் அப்பா காளியப்பன் கோபிநத்தத்திலிருந்து மைசூருக்கு சென்ட்ரிங் வேலைக்கு வந்தவர். மூன்று வருடத்துக்கு முன் மூன்றாவது மாடிச் சாரத்திலிருந்து விழுந்தார். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் முதுகு புண்ணாகிவிடும். அம்மா லாட்ஜில் அறை கூட்டும் வேலைக்கு விடியும்போதே போய்விடுவாள். நான் பி.எஸ்சி. எலக்ட்ரானிக்ஸ். எங்கள் வம்சத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். ஹெப்பாள் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை, போன வருடம்தான் நிரந்தரமாக்கினார்கள். உதயன் பி.யூ.சி.யில் இரண்டு முறை தோற்றவன். அதனால் அப்பாவை அவன் பார்த்துக்கொண்டான். இடையில் கிடைத்த நேரத்தில் பாட்டு.

பழைய சாமான் கடையில் வாங்கிய அந்தப் பெட்டி, பாட்டு கட்டுகிற ஒரு கேசட், ஒரே சமயத்தில் நான்கு சத்தம். அவ்வளவுதான் அவனிடம் இருந்தது. உண்மையைச் சொல்ல வேண்டும், நன்றாகவே செய்தான். நான்காவது சத்தம் வெறும் இரைச்சல். அதை வைத்துத் தகரக் கூரையில் மழை ஓய்வதைக் கொண்டுவந்திருந்தான். அதை இணையத்தில் கேட்டுத்தான் நீங்கள் போன் செய்தீர்கள். பத்து மாதத்தில் வீட்டிலிருந்தே உங்கள் கம்பெனியின் வீடியோ கேமுக்கான இசையை முடித்துக்கொடுக்கட்டும், பிறகு சென்னைக்கு வந்து வேலையில் சேரட்டும் என்றீர்கள்.

அன்று சாயங்காலம் எல்லோரும் வீட்டில் இருந்தோம்.

"இவன் மெட்ராசுக்குப் போனா அப்பாவ யாரு பாக்கறது?" என்று கேட்டேன்.

அரிசி பொறுக்கிக்கொண்டிருந்த அம்மா தலை நிமிரவில்லை. "நீ இருக்கறயே அம்மிணி. வேலைய விட்டா ஆச்சு."

"நான் டிகிரி படிச்சது மூத்திரப் பை மாத்தறதுக்கா?"

"படிச்ச புள்ள, சிந்தாம மாத்துவே," என்றார் அப்பா கட்டிலில் இருந்து.

எல்லோரும் சிரித்தார்கள். உதயனும் சிரித்தான். நானும் சிரித்தேன்.

இருப்பது ஒரே அறை. அவன் பாட்டு வைத்தால் "அந்தக் கொசு மிசின நிறுத்துடா" என்று அப்பா கத்துவார். ஆகவே ஹெட்போன். அந்தப் பெட்டியின் ஹெட்போனில் சத்தம் சன்னமாகத்தான் வரும். போர்டையும் முதல் ரெசிஸ்டரையும் வைத்தது உதவி, வேறொன்றுமில்லை. இதை நீங்கள் நம்ப வேண்டும்.

இரண்டு மாதம் கழித்து வந்தான். "அக்கா, சத்தம் கொறஞ்சுபோச்சு. கொஞ்சம் ஏத்திக் குடேன்."

சத்தம் அளக்கும் மீட்டரைத் தொழிற்சாலையிலிருந்து ஞாயிற்றுக்கிழமைக்கு மறுபடியும் எடுத்துவந்து ஹெட்போனில் வைத்துப் பார்த்தேன். நான் வைத்த அன்று என்ன அளவோ அதே அளவு. பெட்டியில் எதுவும் குறையவில்லை. அப்படியென்றால் எது குறைந்தது என்பது எனக்கு அங்கேயே புரிந்துவிட்டது.

புரியாமல் இருக்க முடியாது. தொழிற்சாலையில் தகடு அடிக்கும் பிரஸ் பிரிவுப் பெண்களுக்குக் காதுப் பாதுகாப்பு வகுப்பு எடுப்பவளே நான்தான். "இது பேட மேடம், கிவி நோயுத்தே," என்று மல்லம்மா காதடைப்பானை மேசை மேல் வைப்பாள். இது வேண்டாம், காது வலிக்கிறதாம். வலிக்கிற காது உயிரோடு இருக்கிற காது, வலிக்காதபோது பயப்படு என்று அவளுக்குக் கன்னடத்தில் சொல்லி, திரும்ப மாட்டவைத்துத்தான் அனுப்புவேன். நூற்றுப்பத்து டெசிபலில் ஒரு நாளைக்கு அரை மணி நேரத்துக்கு மேல் நிற்கக் கூடாது என்று சுவர்ப் பலகையில் எழுதியிருப்பது என் கையெழுத்து.

"பழைய மெசின்டா, உள்ள கண்டென்சர் காஞ்சிருச்சு," என்றேன். இரண்டாவது ரெசிஸ்டரை வைத்தேன். மீட்டர் நூற்றுப்பத்து காட்டியது. அவன் தினமும் ஆறு மணி நேரம் மாட்டியிருப்பான்.

"நீ இல்லைன்னா என் பொழப்பு நாறிருக்கும்க்கா," என்றான்.

மார்கழியில் காதுக்குள் சில்வண்டு கத்துவதாகச் சொன்னான். அந்தச் சமயத்தில்தான், அவன் பாட்டுகள் ஊசி மாதிரி இருக்கின்றன, மேல் ஸ்தாயியைக் குறைக்கச் சொல்லுங்கள் என்று நீங்கள் எழுதினீர்கள். தனக்குக் கேட்காத இடத்தை அவன் கூட்டிக்கொண்டே போயிருந்தான். ஹெட்போனை என்னிடம் நீட்டினான்.

"காதக் குத்துதாக்கா?"

குத்தியது. கண்ணில் நீர் வந்துவிடும் போலிருந்தது.

"இல்லயே. நல்லாத்தான் இருக்கு. அந்தம்மாவோட ஸ்பீக்கர் கெட்டுப்போயிருக்கும்," என்றேன். அவன் என்னை நம்பினான், உங்களை நம்பவில்லை. மூன்றாவது ரெசிஸ்டர் அந்த வாரம் வைத்தது.

மாசியில் அவனே பயந்துபோய் ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டான். லீவு போட்டுவிட்டுக் கூடப் போனேன். டாக்டர் நல்ல மனிதர். பரிசோதித்த தாளை வைத்துக்கொண்டு, அவனிடம் பேசிப் பயனில்லை என்று என்னிடம் பேசினார். இடது காது ஏறக்குறைய போய்விட்டது. வலது காதில் பாதி இருக்கிறது. இன்றிலிருந்து ஹெட்போனைத் தொடாவிட்டால் அந்தப் பாதியைக் காப்பாற்றலாம், காதுக்கு ஒரு மெஷின் வைத்தால் பேச்சு, பாட்டு எல்லாம் கேட்கும், வேலைக்கும் போகலாம் என்றார்.

வராந்தாவில் உதயன் என் முகத்தைப் பார்த்தான். "என்ன சொன்னாருக்கா?"

அவன் போனை வாங்கி எழுதிக் காட்டினேன்: நரம்பு வீக்கம். மாத்திரை கொடுத்திருக்கிறார். பாட்டை நிறுத்த வேண்டியதில்லை.

அவன் அழுதுவிட்டான். சந்தோஷத்தில்தான். அன்று சாயங்காலமே இன்னும் கொஞ்சம் ஏற்றிக்கொடுக்கச் சொன்னான். மிச்சமிருந்த பாதிக் காதை வைத்துக்கொண்டும் அவன் சென்னைக்குப் போயிருப்பான். நான்காவது ரெசிஸ்டரை வைத்தேன். மூன்று வாரம் போதுமானதாக இருந்தது.

நீங்கள் இந்தக் கடிதத்தைப் போலீசிடம் கொடுக்கலாம், தடுக்க மாட்டேன். ஆனால் அவனுக்குக் காட்டுவதற்கு முன் ஒன்றை யோசியுங்கள். அவனுக்கு இப்போது நான்தான் எல்லாம். மற்றவர்கள் பேசுவது புரியாமல் என் வாயைத்தான் பார்க்கிறான்.

அப்பாவை அவன்தான் பார்த்துக்கொள்கிறான், முன்பைவிட நன்றாகவே. வேறு யோசனை இல்லையல்லவா. ஆரம்பத்தில் மட்டும் ஒரு சிரமம் இருந்தது. அப்பா எவ்வளவு கூப்பிட்டாலும் அவன் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பான். ஒரு நாள் சாயங்காலம் நான் வருகிறவரை அப்பா நனைந்தபடியே கிடந்திருக்கிறார். அதற்கு நான்தான் வழி கண்டுபிடித்தேன். உதயனின் கணுக்காலில் ஒரு முனை, கட்டில் சட்டத்தில் மறுமுனை. அப்பா இழுத்தால் அவன் எழுந்து வருவான். கயிறென்றால் அறுக்கும் என்று பழைய பருத்திச் சேலையைக் கிழித்து, நான்காக மடித்து, நானே தைத்தேன். வாரம் ஒருமுறை துவைத்துப் போடுகிறேன். இதுவரை அவன் காலில் ஒரு தழும்பு விழவில்லை.