மூன்று தடவை

காரைக்காலிலிருந்து திருமலைராயன்பட்டினம் போகும் டவுன் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஐம்பதைத் தாண்டிய இரண்டு பெண்கள். ஜன்னலோரத்தில் இருந்தவர் திடீரென்று சொன்னார்:

"நேத்து எங்க வூட்டுக்காரரு என் பேரைச் சொல்லிட்டாருக்கா. மூணு தடவை."

ஏதோ சண்டை போலிருக்கிறது என்று காது கொடுத்தேன்.

"ஒன் பேரையா? முப்பது வருஷமா 'இந்தா'ன்னுதானே கூப்பிடுவாரு?"

"மவன் பிரான்சுலேருந்து ரெண்டு ரேடியோ கொண்டாந்தான். ஒண்ணு அவரு சும்மா உலாத்தப் போற படகுல, ஒண்ணு வூட்டுல. பேசறதுக்கு முன்னாடி படகோட பேரை மூணு தடவை சொல்லணுமாம். அதான் சட்டமாம்."

"படகுக்கு என்ன பேரு?"

"பிலோமினா. என் பேருதான். எழுதுனப்பகூட எங்கிட்ட சொல்லல."

பஸ் அரசலாற்றுப் பாலத்தில் ஏறியது. அவர் முகத்துவாரப் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"நீ என்ன பதில் சொன்னே?"

"பட்டனை அமுக்குனா பேசலாம். நான் அமுக்கல."

"ஏண்டி, பயமா?"

"பதில் வரலைன்னா மறுபடியும் மூணு தடவை சொல்லணும்லக்கா."