நடுவில் ஹாரன் வைத்த பெட்டி

கோஆக்சியல் ஸ்பீக்கர் பெட்டியைப் பற்றிக் கேட்டால் உள்ளதைச் சொல்வேன். நல்ல பெட்டிதான். ஊரில் புகழ்கிற அளவுக்கு இல்லை, அவ்வளவே.

தாளும் பேனாவும் கொடுத்திருக்கிறீர்கள், விளங்கும்படியே எழுதுகிறேன். பழைய பெட்டியில் மேலே கீச்சுக் குரலுக்கு ஹாரன், கீழே கனத்த குரலுக்குப் பெரிய ஸ்பீக்கர். கிட்டே போனால் பாடுகிறவரின் தலை ஓரிடத்திலும் வயிறு வேறிடத்திலும் இருப்பதுபோலக் கேட்கும். கோஆக்சியலில் பெரிய ஸ்பீக்கரின் நடுவிலேயே ஹாரன் உட்கார்ந்திருக்கிறது. கீச்சுக் குரலும் கனத்த குரலும் ஒரே வாயிலிருந்து வரும். எந்தப் பக்கம் நடந்தாலும் சத்தம் மாறாது என்பார்கள். இருபதடி வரை அது நிஜம். கடற்கரைக் காற்றில் பின்வரிசைக்குப் போவதற்குள் குரல் இளைத்துவிடும். டிரம் பலமாக அடித்தால் பெரிய ஸ்பீக்கர் குலுங்கி, நடுவில் வரும் குரலையும் சேர்த்துக் குலுக்கும்.

இதெல்லாம் படித்துத் தெரிந்ததில்லை. எழுத்தே நாற்பத்திரண்டு வயதில்தான் வந்தது. திருக்கழுக்குன்றத்தில் ரவிச்சந்திரன் முதலாளியின் சவுண்ட் சர்வீஸில் இருபத்தொரு வருடமாகப் பெட்டி தூக்குகிறேன். பெட்டியை நிறுத்தியதும் முதலாளி என்னைக் கடைசி வரிசைக்கு அனுப்புவார். நான் நின்று கேட்டு, கூட்டு, குறை என்று கையால் காட்டுவேன். அந்த ஐந்து நிமிடத்துக்காகத்தான் மற்ற வேலையெல்லாம் செய்தேன்.

பிறகு செங்கல்பட்டிலிருந்து பெஞ்சமின் வேலைக்கு வந்தான். முதலாளியிடம் சொல்லி இரண்டு கோஆக்சியல் வாங்க வைத்தான். அந்த வாரமே, வழக்கம்போல் நான் பின்னால் நடக்க, முதலாளி கூப்பிட்டார்.

“கருப்பா, நீ ஒயரைச் சுத்து. கேட்டுச் சொல்றதுக்கு பெஞ்சமின் கீறான். உன் காதுல அழுக்குதான் கீது.”

எல்லோரும் சிரித்தார்கள். பெஞ்சமின் சிரிக்கவில்லை. அது எனக்கு இன்னும் பிடிக்கவில்லை.

கல்பாக்கம் பக்கம் ஒரு கடற்கரைக் கூட்டம். பின்னால் குரல் எட்டவில்லை என்று அவனிடம் சொன்னேன். உடனே பெட்டியை உயர்த்தி, லேசாக முன்னால் சாய்த்தான். சரியாயிற்று. முதலாளி அவன் முதுகில் தட்டினார். அண்ணாத்த சொல்லித்தான் செய்தேன் என்று அவன் சொன்னதை அவர் காதில் வாங்கவில்லை. அவன் எனக்குப் பங்கு பிரித்துக் கொடுக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். என்னுடையதை எனக்கே.

போன மாதம் மாமல்லபுரத்தில், ஒரு விடுதிப் புல்வெளியில் கல்யாண வரவேற்பு. மதியம் மூன்று மணிக்கு ஒரு பெட்டி லேசாக உறுமியது. பழைய பெட்டியென்றால் தள்ளி நின்றுதான் கேட்போம். கோஆக்சியலில் எல்லாம் நடுவில் இருப்பதால் பெஞ்சமின் குனிந்து அங்கேயே காதை வைப்பான். அதற்கு எங்களிடம் ஒரு முறை உண்டு. மிக்சரில் நிற்பவன் சத்தத்தை முழுக்க இறக்கிவிட்டுக் கையை உயர்த்த வேண்டும். கை உயராமல் யாரும் பெட்டியின் வாயருகே போவதில்லை.

மிக்சரில் என்னை நிறுத்திவிட்டுப் போனான்.

“இறக்கிட்டியா அண்ணாத்த?”

வலது கையை உயர்த்தினேன். அவன் காதை வைத்தான்.

“உறுமிக்கினுதான் கீது. அப்பால நீயும் வந்து கேளு. உனக்குத்தான் சட்டுனு புடிபடும்.”

இடது கையால் சத்தத்தை ஏற்றும் விசையை மேலே தள்ளினேன். பெட்டிக்கு எதிரே மைக் திறந்திருந்தது, பெட்டி ஊளையிட்டது. மூன்று எண்ணும் வரை விட்டேன். அவன் ஒன்றிலேயே விழுந்துவிட்டான்.

வலது காது முழுக்கப் போயிற்று. இடதில் விசில் ஓயவில்லையாம். இப்போது பேசுகிறவரின் உதட்டையே பார்க்கிறான். ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சு வாங்கிப் போனேன். என் கையைப் பிடித்துக்கொண்டான்.

பெட்டி தானாகக் கத்தியது என்று எல்லோரிடமும் சொன்னேன். விற்றவர்மேல் முதலாளி புகார் கொடுத்தார். விற்றவர் ஆள் வைத்துச் சோதித்து, பழுதில்லை என்று எழுதிக் கொடுத்தார். அதன் பிறகே என்னை ஸ்டேஷனுக்கு அழைத்தீர்கள்.

செய்தது நான்தான். கை தவறவில்லை. தெரிந்தே தள்ளினேன்.

ஆனால் அந்தச் சோதனைக்காரர் எழுதியதை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. பெட்டியை இன்னொரு முறை திறந்து பார்க்கச் சொல்லுங்கள். ஒரு மனுஷனை அவ்வளவு கிட்டே கூப்பிடுகிற பெட்டியில் குறை இல்லாமல் இருக்காது.